தோள்காசு

என் சகலை கால் ஒடிந்து கட்டிலில் கிடந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தங்கை புருஷன் மேல் இவருக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று என் வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுக்கவில்லை. வயிறு எரிகிறவனுக்குச் சாப்பாடு எங்கே இறங்கும்? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு பேருக்கும் ஒரே கிடங்கில் வேலை. டைல்ஸ் பெட்டிகளும் கை கழுவும் தொட்டிகளும் கழிப்பறைப் பீங்கான்களும் லாரியில் வந்து இறங்கும். இறக்கி அடுக்குவதும், அடுக்கியதை வேறு லாரியில் ஏற்றுவதும் எங்கள் பாடு. அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். கொழுந்தியாளைக் கட்டிக் கொடுத்த கையோடு, புது மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க என்று மாமனார் கேட்டார். பண்ணினேன்.

வந்த நாளிலிருந்து அவன் காட்டில் மழை. மழை என்றால், நான் லாரி இறக்கும்போது பிடித்துக்கொண்டு பெய்து, அவன் முறை வந்ததும் நின்றுவிடுகிற மழை. பீங்கான் வண்டி என் பக்கம் வந்து நிற்கும். வெறும் அட்டையும் பஞ்சும் அடைத்த வண்டி அவன் பக்கம் நிற்கும். மேஸ்திரிக்கு அவன் மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று தெரியும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இன்றைக்கும் "அந்தக் கை வளையாத ஆளு" என்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் சுமையைச் சும்மா தூக்கக் கூடாது. சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, தூக்குவதற்கு முன்னால் சுமைக்காரன் ஒரு காசை மூடிய கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குத் தோள்காசு என்று பேர். வாங்குகிறவனும் மூடிய கையாலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், பார்க்கக் கூடாது. பார்த்தால் காசுக்கு ஏற்ற மாதிரி தூக்குவான், பாதி வழியில் கை தளரும் என்பார்கள். வாங்காமல் தூக்கினாலோ இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அது கூலி இல்லை. அதை வைத்து ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான்.

நாங்கள் வீடு மாறிய அன்று வார விடுமுறை. மூன்றாவது மாடி. இரும்பு பீரோவை ஏற்ற என் சகலை தானாகவே வந்து நின்றான். பீரோவைக் காலி செய்தபோது அடித்தட்டிலிருந்து ஒரு பழைய காசு உருண்டு வந்தது. அரசாங்கம் செல்லாது என்று எப்போதோ அறிவித்துவிட்ட காசு. எவனோ ஒரு கடைக்காரன் சில்லறையோடு சில்லறையாக என் தலையில் கட்டியிருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினால், சகலை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"தோள்காசு போடுங்கண்ணே, பீரோ காத்துக்கிட்டிருக்கு."

பார்க்கத்தான் மாட்டானே. கையை மூடி அதையே வைத்துவிட்டேன். அவன் பையில் போட்டுக்கொண்டான். உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். இந்த ஒரு தடவையாவது அவன் கைக்கு வந்தது செல்லாமல் போகட்டுமே.

"அண்ணே, உங்க கை திரும்பாது. நீங்க மேல புடிங்க, நான் கீழ நிக்கறேன்" என்றான். மாடிப்படியில் கீழே நிற்கிறவனுக்குத்தான் பாரம் முழுக்க. இரண்டாவது மாடித் திருப்பத்தில், அங்கே குடியிருக்கிற அம்மா அப்போதுதான் படியைத் துடைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். ஈரம். அவன் குதிகால் வழுக்கியது. பீரோ நிதானமாக இறங்கி அவன் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. மேலே நின்ற என் வீட்டுக்காரி அலறினாள்: "ஐயோ, கண்ணாடி!"

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கிடங்கு வாசலில், நாங்கள் விரல் வைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். எழுத்து எனக்கு வளர்ந்த பிறகுதான் கைக்கு வந்தது, அதனால் எங்கே எழுத்தைக் கண்டாலும் நின்று படித்துவிடுவேன். வேலை நேரத்துக்கு வெளியே, வீட்டிலோ தெருவிலோ தொழிலாளிக்கு விபத்து நடந்தாலும் இனிமேல் சமூகப் பாதுகாப்பு உண்டு, வைத்தியமும் உண்டு, படுத்திருக்கும் வரை சம்பளமும் உண்டு என்று போட்டிருந்தது. நான் எழுத்துக் கூட்டி மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கூட்டத்தில் ஒல்லியாக, சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒருவனைப் பல்லி என்று கூப்பிடுவோம். "அண்ணே, சீக்கிரம் படிங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள சட்டம் மாறிடப் போகுது" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கை ஒடிந்ததும் ஒரு விடுமுறை நாளில்தான். குளியலறையில் சோப்புத் தண்ணீரில் விழுந்தேன். அப்போது இந்தச் சட்டம் இல்லை. ஆபீசில் இருந்த ஆள் என் கட்டைப் பார்த்துவிட்டு, "இங்க வந்து விழுந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான், உண்மையிலேயே வருத்தப்பட்டார். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டு, மற்ற கையால் பீங்கானுக்கு இடையில் வைக்கிற சணல் கட்டுகளை இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கை கோணலாகச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டு போனால், நடுவில் ஒரு தடவை நின்று யோசித்துவிட்டுத்தான் போகும்.

நான் விழுந்தபோது இல்லாத சட்டம், அவன் விழுவதற்கு முன்னால் ஓடி வந்து பாய் விரித்து வைத்திருக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ள நான் என்ன மரமா?

வேலை முடிந்து அவனைப் பார்க்கப் போவேன். போகாவிட்டால் வீட்டுக்காரி விட மாட்டாள். கட்டில் மேல், தலையணை மேல், மகாராஜா மாதிரி அந்தக் கால் இருக்கும். அவன் மகள் கட்டு முழுக்கப் பேருந்தும் பூனையும் வரைந்து வைத்திருந்தாள். பூனைக்கு மீசை என் சகலை மாதிரியே. மேஸ்திரி ஆப்பிள் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவன் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. தோளில் பெட்டி அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்த இடம் தேய்ந்து, குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. எனக்கு அந்தக் காலைவிட அந்தத் தோளைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"படுத்தே இருந்தா போரடிக்குதுண்ணே. எப்படா வந்து பெட்டி தூக்குவோம்னு இருக்கு" என்பான்.

"வேணும்னா மாத்திக்கலாமா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவன் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரி ஆரம்பிப்பாள். "தம்பி வீட்ல இருக்கறதால பொண்ணு கணக்குல நல்ல மார்க்காம். கூட உக்காந்து சொல்லிக் குடுக்கறாராம். நீங்க என்னைக்காவது நம்ம பையனோட உக்காந்திருக்கீங்களா?"

"எனக்கு எது ஒடிஞ்சா உக்காரச் சொல்ற?"

"உங்களுக்கு வாய் ஒண்ணு ஒடியாம இருக்கே, அதான் கஷ்டம்."

கிடங்கில் சகலை இடத்தில் எனக்கு ஜோடியாகப் பல்லியைப் போட்டார்கள். அவன் பிடிக்கிற பக்கம் பெட்டி காற்றில் பறக்கும், என் பக்கம் பாறையாக இறங்கும். மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் கேட்பான், "அண்ணே, உங்க சகலை விழுந்த படி எது? எனக்குக் கொஞ்சம் காட்டுங்க. நானும் ஒரு தடவ ஏறிட்டு வந்துடறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் அந்தத் திருப்பத்தில், அந்த அம்மா துடைத்துவிட்டுப் போன ஈரப்படியில், குதிகாலை வைத்து நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். படி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. படிக்குக்கூட ஆள் தெரிகிறது.

இப்படி இருக்கும்போதுதான் விசாரணைக்கு ஆள் வருகிறது என்றார்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, என் வீட்டுக்காரி வயதுதான் இருக்கும், சகலை வீட்டுக்கு நேரில் வந்தார். சாட்சிக்கு நானும் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து பீங்கான் தூசியோடு நேரே போனேன். என் வீட்டுக்காரி எனக்கு முன்பே போய்த் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பூனை வரைந்த கட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில கேட்டப்ப, காசு வாங்கிட்டுத்தான் பீரோ தூக்கினேன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா மேடம். நாங்க யாருக்கும் சும்மா தூக்க மாட்டோம்" என்றான் சகலை, நெஞ்சை நிமிர்த்தி.

கொழுந்தியா பல்லைக் கடித்தாள். "ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"பொய் சொல்லச் சொல்றியா? வாங்கினேன், வாங்கினேன்னுதானே சொல்ல முடியும்?"

"எவ்வளவு வாங்கினீங்க?"

"அத பாக்கக் கூடாது மேடம்."

"பாக்கக் கூடாதா? கூலிய எண்ணிப் பாக்காம வாங்குவீங்களா?"

"எண்ணினா கை தளந்துடும்" என்றான் அவன், உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பொறுமையாகத்தான் சொன்னார். "பாருங்க, வீட்ல விழுந்தா நாங்க பாப்போம். விளையாடப் போய் விழுந்தா பாப்போம். சொந்தக்காரங்களுக்கு உதவி பண்ணப் போய் விழுந்தாலும் பாப்போம். ஆனா லீவு நாள்ல வேற ஒருத்தர்கிட்ட கூலிக்குப் போய் விழுந்தா, அது இதுல வராது. கூலி குடுத்தவர்தான் பொறுப்பு. நீங்க சுமை தூக்கறவர், தூக்கினது சுமை, காசும் வாங்கியிருக்கீங்க. நான் என்னன்னு எழுதறது?"

கொழுந்தியாவின் முகம் வெளுத்துவிட்டது. இது நின்றுபோனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"பீரோ உங்களுதா?"

"ஆமாங்க."

"தூக்கறதுக்கு இவருக்குக் காசு குடுத்தீங்களா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "குடுத்தேன்" என்றேன்.

அதில் பொய் இல்லை. ஒரே ஒரு சொல். இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற சாப்பாடெல்லாம் ஒரேயடியாக உள்ளே இறங்கின மாதிரி இருந்தது. இனி அந்தத் தலையணை போகும், ஆப்பிள் போகும், தோள் மறுபடியும் காய்க்கும். என்னை மாதிரியே அவனும் ஒடிந்ததை இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்து நிற்பான்.

"அப்ப அன்னைக்கு இவருக்கு முதலாளி நீங்கதான்" என்றார் அதிகாரி. "வைத்தியச் செலவு, இவர் சம்பளம், எல்லாத்துக்கும் உங்களைத்தான் கேக்க வேண்டியிருக்கும்."

சகலை வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டியா! எங்க சகலை முதலாளி! முதலாளி, எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்க!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சொல் ஒரு நொடி எனக்கு இனித்தது. வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அடுத்த நொடி என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தேன். இனிப்பு போய்விட்டது.

சகலையும் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தினான். கட்டிலில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மேடம், அவர் மேல ஒண்ணும் போடாதீங்க. அவருக்குக் கை ஒடிஞ்சப்ப எந்தச் சட்டமும் வந்து பாக்கல. ஒத்தக் கையால சணல் கட்டு இழுத்த மனுஷன் அவர். எனக்கு இந்தக் காசு வேண்டாம்னு எழுதிக்குங்க. கட்டுப் பிரிச்சா நானே போய்ச் சம்பாதிச்சுக்கறேன்."

"தம்பீ…" என்று என் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தியா அழுதாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். எந்த அதிகாரியும் என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. சம்பளமும் அவனுக்கு, ஆப்பிளும் அவனுக்கு, பூனையும் அவனுக்கு. போகட்டும். இப்போது தியாகி என்கிற பேரும் அவனுக்கா? அதுவும் என் ஒடிந்த கையைக் காட்டியே வாங்கிக்கொள்கிறானா? இவன் சம்பளத்தை இழந்து படுத்துக் கிடந்தால், சாகிற வரைக்கும் வீட்டுக்காரி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்லுவாளே! அவன் நல்லவன், நான் முதலாளி. இல்லை, அதை மட்டும் விட்டுக் கொடுக்க முடியாது. என் மானம் போனாலும் பரவாயில்லை.

"மேடம்" என்றேன். "அது செல்லாத காசு."

"என்ன?"

"நான் குடுத்தது செல்லாத காசு. பீரோவுக்குள்ள கிடந்தது. பாக்க மாட்டான்னு தெரிஞ்சே குடுத்தேன்."

தோள்காசில் ஏமாற்றினான் என்று தெரிந்தால் கிடங்கில் ஒருத்தன்கூட என்னோடு ஜோடி சேர மாட்டான். சகலை என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"அந்தக் காசு இப்ப இருக்கா?" என்றார் அதிகாரி.

"அன்னைக்கு அவர் சட்டைப் பையில இருந்ததையெல்லாம் எடுத்து டம்ளர்ல போட்டு வெச்சேன்" என்று கொழுந்தியா அலமாரிக்கு ஓடினாள். பேருந்துச் சீட்டு, ஒரு பொத்தான், கொஞ்சம் சில்லறை. அதிகாரி கிளறி, கறுத்துப்போன அந்தக் காசைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செல்லாம போய் எவ்வளவு காலம் ஆச்சு!" என்றவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் காசுக்கு ஒரு தீக்குச்சிகூட வராதே. இதையா கூலின்னு வாங்கினீங்க?"

"தோள்காசு மேடம். கூலின்னு நான் எப்ப சொன்னேன்?" என்றான் சகலை பரிதாபமாக.

பிறகுதான் அந்த வழக்கம் என்ன ஏது என்று கேட்டார். சொன்னோம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துச் சொன்னோம். கடைசியில் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சொந்தத்துக்குள்ள ஒத்தாசைன்னு எழுதிக்கறேன். உங்களுக்கு வர்றது வந்துக்கிட்டே இருக்கும், கவலைப்படாதீங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்படி ஒரு முதலாளிய நான் பாத்ததே இல்ல."

அவர் போனதும் சகலை கட்டில் குலுங்கச் சிரித்தான். "அதான் வழுக்கிச்சா! என்னடா, காஞ்ச படியில ஏறி வந்த காலு திடீர்னு வழுக்குதேன்னு பாத்தேன்!" அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். நான் கொடுத்த செல்லாத காசைக்கூடச் செல்ல வைத்துக்கொண்டான் பாருங்கள். நல்ல காசு கொடுத்திருந்தால் இந்நேரம் அவன் பாடு திண்டாட்டம்தான்.

கிளம்பும்போது கொழுந்தியா தயங்கிக் கேட்டாள். "மாமா, இந்தக் கட்டிலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் போட முடியுமா? பகல்ல ரொம்பப் புழுக்கமா இருக்காம்."

"சும்மா தள்ளிவிட்டுட்டு வாங்க" என்றாள் என் வீட்டுக்காரி. நெடுநேரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல்.

"சும்மாவா? அவர் இடுப்புப் புடிச்சுக்கறதுக்கா?" என்று சகலை டம்ளருக்குள் கையை விட்டான். அதிகாரி அந்தக் கறுத்த காசையும் அதற்குள்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார். சில்லறை குலுங்கியது. கையை மூடி எடுத்து என் முன்னால் நீட்டினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூடிய கையால் வாங்கினேன், பார்க்காமல் பையில் போட்டேன், அவனோடு சேர்த்துக் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டேன். காற்று வந்தது. அவனுக்குத்தான்.

வழியெல்லாம் வீட்டுக்காரி எனக்கு நான்கு அடி முன்னால் நடந்தாள். என் விரல் பையில் அந்தக் காசைத் தடவிக்கொண்டே இருந்தது. தடவினால் பார்த்த மாதிரி ஆகாது. எனக்கு விவரம் பிடிபடவில்லை, பெட்டி தூக்கிக் காய்த்த விரலுக்கு எல்லாக் காசும் ஒன்றுதான். செல்லாத காசாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் அளவுக்கு இறங்கி வந்தால் போதும். அதன் பிறகு ஜன்னல் காற்று முழுக்க அவனே வாங்கிக்கொள்ளட்டும்.

தெருமுனை டீக்கடையில் நின்றேன். வீட்டுக்காரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். டீ சொல்லிவிட்டு, கையைப் பைக்குள் விட்டு, பார்க்காமலே காசை எடுத்துப் பலகை மேல் வைத்தேன். கடைக்காரர் எடுத்தார். பார்த்தார். மற்ற காசுகளோடு கல்லாவில் போட்டுவிட்டு, டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு வாய் குடித்தேன், கசந்தது. அவர் சர்க்கரை போட மறந்துவிட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.